மேற்படி ஊரில் பிறக்கும் பிள்ளைகள்

மேசைக்குப் பின்னால் தலைமையாசிரியை புவனா. எதிரே, பள்ளியில் கைப்பிடி உள்ள ஒரே நாற்காலியில் ஊரின் முன்னாள் தலைவர் நஞ்சுண்டன். சன்னலோரம் பள்ளிக் குழுவின் தலைவி கீதா. அவள் மகள் லாஸ்யா இங்கே மூன்றாம் வகுப்பு. கதவருகே, பிள்ளைகளின் குட்டை பெஞ்சில், பெருந்துறைத் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் ஒடிசாக்காரி மினதி, மடியில் நெகிழிப் பையோடு. கூட்டக் குறிப்பேட்டில் இவ்வளவும் எழுதி அடிக்கோடு போட்டபிறகே புவனா தலைநிமிர்ந்தாள்.

கல்வி அலுவலகத்துக்கு அன்றே பதில் போயாக வேண்டும். ஜூனில் பத்துப் பிள்ளைகளாவது சேராவிட்டால் பள்ளியை மூடி, நாலுவழிச் சாலைக்கு அந்தப்பக்கம் உள்ள ஊரோடு சேர்த்துவிடுவார்கள். இருப்பது நாலே பேர்.

"ஏனுங்க டீச்சர், இதுக்கு எதுக்குங்க கூட்டம்?" என்றார் நஞ்சுண்டன். "நம்மூர்ல இருந்து ஒம்பது புள்ளைங்க வேன்ல இங்கிலீஷ் ஸ்கூலுக்குப் போகுது. அதுங்க பேரை எழுதிப்போடுங்க."

"பேரை எழுதிரலாமுங்க. பெஞ்சுல யாரை உக்கார வெக்கறதுங்க?"

புவனா கை நீட்டினாள். மினதி பையைக் கொடுத்தாள். தொழிலாளர்களின் லைன் வீடுகளில் ஏறி இறங்கி அவள் வாங்கி வந்த, அங்குள்ள பிள்ளைகளின் ஒன்பது பிறப்புச் சான்றிதழ்கள்.

"வடக்கத்தியாளுகளுக்கு என்னுங்க, ஊட்டுக்கு மூணு பெத்துப்போடுவாங்க" என்று மினதியைப் பார்க்காமலே நஞ்சுண்டன் சொன்னார்.

"நம்மாளுக ஒண்ணோட நிறுத்திப்போட்டாங்களே, அதுக்கு அவங்க என்னுங்க பண்ணுவாங்க?" என்றாள் கீதா. "பொண்ணு கெடைக்காத மாப்பிள்ளைங்க மட்டும் ஊருக்குள்ள பதினாறு பேரு. உங்க சுரேந்தருக்கு இந்த ஆவணி வந்தா முப்பத்தெட்டுங்களா?"

இளைய மகன் பெயரைக் கேட்டதும் நஞ்சுண்டனின் காது மடல் சிவந்தது. ஆனால் 'ங்க' மட்டும் போகவில்லை.

"அம்மணி, எடம் எங்கப்பாரு குடுத்ததுங்க. பத்திரம் இருக்குது. எங்கூருப் புள்ளைங்களுக்குத்தான். மத்தவங்க உள்ள வந்தா எடத்தைத் திருப்பி எடுத்துக்குவேன்."

லாமினேட் செய்த தாளை மேசைமேல் அறைந்தார். அவர் அப்பாரு என்று சொன்ன தாத்தா எழுதிக் கொடுத்த தானப் பத்திரம். புவனா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தாள்: "மேற்படி ஊரில் பிறக்கும் பிள்ளைகள் படிப்பதற்காக…"

நிறுத்தினாள். கையிலிருந்த சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பிறந்த இடம்: இதே ஊர், ஆரம்ப சுகாதார நிலையம். ஒன்பதிலும் அதே வரி.

"உங்க பேரன் கவின் எங்கீங்க பொறந்தான்?"

"கோயமுத்தூர்ல, பெரிய ஆசுபத்திரில…" பெருமையாகத் தொடங்கியவர் பாதியில் வாயை மூடினார்.

"எம்புள்ளையும் சரவணம்பட்டிலதானுங்க பொறந்துச்சு" என்று கீதா சிரித்தாள். "உங்க அப்பாரு எழுதுனபடி பாத்தா லாஸ்யாவை நாளைக்கே நிறுத்திப்போடோணும்."

"எங்குளுது ரெண்டும் இங்கதானுங்க பொறந்துச்சு" என்றாள் மினதி. அவள் தமிழிலும் 'ங்க' இருந்ததுதான் நஞ்சுண்டனுக்குத் தாங்கவில்லை. நாற்காலி பின்னால் சரிய எழுந்தார்.

"பத்திரம் படிச்சு எனக்கே பாடம் நடத்தறீங்களா? ஜூன் மாசம் கேட்டுக்குப் பூட்டுப் போட்டுப்போடுவேன். எவ வந்து தொறக்கறான்னு பாக்கறேன்."

'எவ'வில் 'ங்க' இல்லை. புவனா இந்தப் பள்ளிக்கு வந்த ஏழு வருடத்தில் முதல் முறை. புவனா பேனாவை எடுத்தாள்.

"அதையும் எழுதிரட்டுங்களா?"

"எழுதுங்க! கையெழுத்து மட்டும் எங்கிட்டக் கேக்காதீங்க."

பத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். மினதியைத் தாண்டும்போது வேட்டியை ஒதுக்கிக்கொண்டார்.

புவனா எழுதினாள்: "சேர்க்கை: பதிமூன்று. இணைப்பு: ஒன்பது சான்றிதழ் நகல்கள். நிலம் கொடுத்தவரின் பேரன் கையொப்பமிட மறுத்தார். வாயிலுக்குப் பூட்டுப் போடுவதாகச் சொன்னார். ஜூன் முதல் நாள் பாதுகாப்புத் தேவை." கீதா கையெழுத்துப் போட்டாள். மினதி ஒடியாவில் போட்டாள். அதன்கீழ் புவனா அவள் பெயரைத் தமிழில் எழுதினாள்.

பசை காய்ந்து கிடந்தது. சத்துணவில் மிஞ்சிய சோற்றில் நாலு பருக்கை எடுத்து உறையின் வாயில் நசுக்கி ஒட்டினாள். கீதா அதை வண்டியின் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டி, ஸ்பீடு போஸ்ட் கவுண்டர் மூடுவதற்குள் கிளம்பினாள்.