இதோ வந்தாச்சு

முன்னால் ஏறிக்கொண்டிருந்த கும்நம் திரும்பிப் பார்த்தபோது சாங்பே நனைந்த பாறை மேல் உட்கார்ந்திருந்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டிவைத்திருந்தார்.

"இன்னும் எவ்வளவு தூரம், தலைவரம்மா?"

"இதோ வந்தாச்சு அண்ணா. அந்தத் திருப்பம் தாண்டினா அவ்வளவுதான்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. இந்த நாட்டில் மலையிலிருந்து இறங்குகிற எவரும் ஏறுகிறவரிடம் சொல்கிற பொய்தான் அது. பாதி வழிகூட வந்திராதவரிடமும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், கேட்பவரும் நம்பாமல் நம்பி நடப்பார். ஞாயிற்றுக்கிழமை மலைக் குழுவில் அவள் அதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்!

ஆனால் இன்று தேர்வு. குழுக்களை மலையில் அழைத்துப் போவதற்கான சான்றுத் தேர்வின் கடைசி நாள். ஒவ்வொருவராகத் தலைவராக நடக்க வேண்டும், மற்றவர்கள் அவருடைய குழு. கோயிலிலிருந்து மேட்டுக் குடில் வரையிலான ஏற்றம் கும்நம்மின் பங்கு. போன வருஷம் மூடுபனியில் வழி தவறித் தோற்றுப் போயிருந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் சோற்று அண்டா தூக்கியே வலது தோள் போய்விட்டது, இனிமேல் தூக்காதே என்று வைத்தியர் சொல்லிவிட்டார். சான்று கையில் இருந்தால் வனப்பாதை அலுவலகத்தில் வேலை உண்டு. இல்லையென்றால் மறுபடியும் அண்டாதான்.

தேர்வு நடத்தக் கூடவே வந்த தோ ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார்.

"எங்கே வந்தாச்சு?" என்று கேட்டார்.

ஹியோரின் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். குழுவில் அவள்தான் சின்னவள். கும்நம்முக்கு முகம் சுட்டது.

"தப்பு சார். இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும். கடைசிப் பகுதி இரும்புப் படி."

சாங்பேயின் முகம் தொங்கிப்போனது. ஆயுசெல்லாம் பேருந்து ஓட்டியவர், எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பார். இப்போது வெள்ளரித் துண்டு வைத்திருந்த டப்பாவைத் திறக்கப் பார்த்தார், விரல் வழுக்கியது. மறுபடியும் பார்த்தார். கும்நம் வாங்கித் திறந்தபோது அவர் கை பட்டது. சில்லென்று இருந்தது.

காலையிலேயே தோ சொல்லியிருந்தார்: உங்களில் ஒருத்தர் முடியாதவர் மாதிரி நடிப்பார், யாரென்று அவர் காதில் மட்டும் சொல்லியிருக்கிறேன். இப்போது சாங்பே கண்ணைச் சிமிட்டினார்.

"நடிப்புங்க. நல்லா இருக்கில்ல? ஏறுங்க, ஏறுங்க."

நடிப்பானால் மேலே போகலாம். நடிப்பில்லை என்றால் சாங்பேயின் தேர்வும் இங்கேயே முடிகிறது. அதனால்தான் அவர் எழப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. எழுந்தவரின் கீழுதடு வெளுத்திருந்தது. அடுப்படியில் மயங்கி விழுகிற பெண்களுக்கு விழுவதற்குச் சற்று முன்னால் அப்படித்தான் வெளுக்கும்.

"இறங்கலாம்" என்றாள்.

"என்னம்மா விளையாடறீங்க? நான்தான் சொல்றேன்ல, நடிப்புன்னு!" சாங்பேயின் குரல் உடைந்தது. "என்னையும் சேர்த்துக் கெடுக்காதீங்க."

"குடில் வரைக்கும்னுதான் உங்களுக்குச் சொல்லியிருந்தேன்" என்றார் தோ.

"கேட்டேன் சார். இறங்கறோம்."

தன் கம்பளிச் சட்டையை அவருக்குப் போட்டுவிட்டாள். சூடான பார்லித் தண்ணீரை மெதுவாகக் குடிக்கவைத்தாள். தோ கடைசி ஆளாகப் பின்னால் வந்தார். நடையில் எரிச்சலா நிம்மதியா, ஒன்றும் தெரியவில்லை.

கோயிலை நெருங்குகிற வழியில் ஹியோரின் அவள் அருகே வந்தாள்.

"அக்கா, நடிக்கச் சொன்னது என்னைத்தான். இரும்புப் படிகிட்ட கணுக்கால் பிசகற மாதிரி விழணும்னார்."

கும்நம் தலையாட்டினாள். தோளில் வலி கழுத்து வரை ஏறியிருந்தது. சாங்பே காதில் அது விழுந்ததோ என்னவோ, அவர் தரையையே பார்த்து நடந்தார்.

அந்த நேரம் பார்த்து மேகம் விலகியது. பின்னால் மேடு முழுவதும் வெயிலில் நின்றது. குடிலின் ஓடு மின்னியது. அதைச் சுற்றிச் சிவப்பும் மஞ்சளுமாக யார் யாரோ நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஹியோரின் அண்ணாந்து பார்த்தாள். கும்நம் பார்க்கவில்லை. அவள் பின்பக்கமாக இறங்கியபடி, இடது கையால் சாங்பேயின் பைவாரைப் பிடித்துக்கொண்டு, ஈரப் பாறையில் காய்ந்த இடம் எது என்று தேடிக்கொண்டிருந்தாள்.

"இங்கே வைங்க அண்ணா. வலது கால்."

அவர் வைத்தார்.