லோமான் வீட்டு முடிவிலி

என் கணவரின் கணக்கில் வந்த முடிவிலி பல வருடங்களாக எங்கள் வீட்டில்தான் இருந்தது. லோமான் இயற்பியல் பேராசிரியர். ஜெர்மனியில், ஆற்றங்கரையிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை. எலெக்ட்ரானின் மின்னூட்டம் எவ்வளவு என்று தாளில் கணக்குப் போட்டார். சின்னதாக ஒரு எண் வரவேண்டிய இடத்தில் இது வந்தது. வந்தது, போகவில்லை.

குறை சொல்லக் கூடாது, சத்தம் போடாது. ஆனால் கட்டிலில் அவர் பக்கம்தான் படுக்கும். எந்தப் போர்வையும் அதற்கு எட்டாது, இழுத்துக்கொண்டே இருக்கும். லோமான் விடிய விடிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். வகுப்பில் நின்றபடியே கண் அயர்ந்துவிடுகிறார் என்று மாணவர்கள் என்னிடமே வந்து சொன்னார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு எலெக்ட்ரானுக்காக ஒரு மனுஷன் இப்படித் தேய வேண்டுமா?

அவர்கள் தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு. ஒரு முடிவிலியிலிருந்து இன்னொரு முடிவிலியைக் கழித்துவிட்டு, மிஞ்சுவதை விடை என்று வைத்துக்கொள்வார்கள். சக பேராசிரியர் வெண்ட்லரிடம் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அதைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். வாசல் மிதியடியில் இருவரும் கால் துடைத்துக்கொண்டார்கள்.

"மிச்சம் எது வந்தாலும் உங்க வீட்டுக் கணக்குலதாங்க சேரும். சம்மதமா?" என்று என்னிடம் கேட்டார் வெண்ட்லர்.

"என்ன வேணா வரட்டும். அவர் தூங்கினாப் போதும்" என்றேன்.

இரண்டையும் படுக்கையறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினோம். சற்று நேரம் கழித்துத் திறந்தபோது இரண்டுமே இல்லை. தலையணை மேல் மைனஸ் ஒன்று மட்டும் கிடந்தது.

"சரியான விடை, ஹில்டா" என்றார் லோமான். "இதுக்குத்தான் இத்தனை வருஷம்."

சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்தார். படுத்ததும் குறட்டை.

வெண்ட்லர் தொப்பியை எடுத்துக்கொண்டார். "நீங்க ரெண்டு பேரு. இதையும் சேர்த்தா வீட்ல ஒருத்தர்தான். யாருன்னு நீங்களே பாத்துக்குங்க."

பார்க்க என்ன இருக்கிறது? எழுப்பிக் கேட்கலாம். அந்த முகத்தைப் பார்த்த யாருக்கும் எழுப்ப மனம் வராது. எனக்கும் அலுப்புதான். போர்வையை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டேன். பிறகு நான் இல்லை.

மறுநாள் காலை லோமான் முகம் தெளிந்து எழுந்து, காபி போட்டு, இரண்டு கோப்பைகளில் ஊற்றினார். ஒன்றை என் நாற்காலிக்கு முன்னால் வைத்து, சர்க்கரை போதுமா என்று கேட்டார். கொஞ்சம் குறைவுதான். பரவாயில்லை என்று சொல்ல நான் இல்லாததால், அவரே இன்னொரு கரண்டி போட்டுக் கலக்கினார்.