ஓடும் நிலையில் உள்ளது

லாரிக்காரன் சங்கிலியை மாட்டி இழுத்ததும் பம்பர் மட்டும் கழன்று வந்தது. கார் லாரியின் மேலேயே நின்றது.

"என் மேல பழி போடாதீங்க பெரியவரே. ஏத்தும்போதே இப்படித்தான் இருந்துச்சு."

"ஏத்தும்போது உனக்குக் கண்ணு தெரிஞ்சுதா?" என்றார் பெரியவர்.

பழைய இரும்புக் கடை வைத்திருந்தவர் அவர். எடைக்கு வாங்கி எடைக்கு விற்றே தலை நரைத்துவிட்டது. தராசில் ஏறாத எதையும் நம்பமாட்டார். தராசையும் தட்டிப் பார்த்துத்தான் நம்புவார். கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால், உப்பு இருந்தது என்பார். அதற்கு மேல் ஒரு நல்ல வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததாக யாரும் சொன்னதில்லை.

தம்பி அப்படியல்ல. யார் எது சொன்னாலும் தலையாட்டுகிறவன். ஆபீஸ் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டியே ஓய்வு பெற்றவன். ஆயுசு முழுக்க மேலே போனான், கீழே வந்தான், நேராக ஒரு அடி போகவில்லை என்று அண்ணனே கிண்டல் செய்வார். படுக்கையில் விழுந்த பிறகு செல்போனில் பழைய கார் விளம்பரங்களைப் பார்க்க ஆரம்பித்து, கடைசியில் ஒன்றை வாங்கியேவிட்டான். 'ஒரே சொந்தக்காரர். கம்பெனி பெயின்ட். துரு கிடையாது. உள்ளே புத்தம் புதுசு போல. ஓடும் நிலையில் உள்ளது.'

தொட்டுப் பார்க்காமல் எவனாவது வாங்குவானா என்று பெரியவர் கத்தியபோது தம்பி சிரித்தான். "அதான் எழுதிப் போட்டிருக்கான்ல அண்ணே."

எழுதித்தான் போட்டிருந்தான். பலகை வைத்துச் சரித்துக் காரை வாசலில் இறக்கியதும் பெரியவர் ஒரு சுற்று வந்தார். வீட்டுக் கதவுக்கு அடிக்கிற பெயின்ட். அடித்தவனுக்கு என்ன அவசரமோ, டயர் வரைக்கும் இழுத்துவிட்டிருந்தான். கதவில் விரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போனது. சீட்டைப் பிய்த்து எலி குடித்தனம் நடத்தியிருந்தது. முன்மூடியைத் தூக்கினால் பாதி இன்ஜின்தான் இருந்தது. விளம்பரத்துப் படத்தில் இருந்த கார் வேறு கார். எடைக்குப் போட்டால் என்ன தேறும் என்று மனசு அது பாட்டுக்குக் கணக்குப் போட்டது.

வாசற்படியில் தம்பி மகள் நின்றிருந்தாள். காரைப் பார்த்துவிட்டுப் பெரியவர் பக்கம் திரும்பினாள்.

"இன்னைக்குத் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டுப் போயிட்டாரு பெரியப்பா. லாரி சத்தம் கேட்டதுலேருந்து அப்பா உங்களத்தான் கூப்பிடுறாரு."

"நீயே போய்ச் சொல்லேன்."

"நான் சொன்னா சமாதானத்துக்குச் சொல்றேன்னு நினைப்பாரு. நீங்க சொன்னாத்தான் நம்புவாரு."

"பொய் சொல்லச் சொல்றியா என்னை?"

அவள் கையிலிருந்த துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். பிழிய அதில் தண்ணீர் இல்லை.

தம்பியின் அறை பின்கட்டில் இருந்தது. அங்கிருந்து தெரு தெரியாது. பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வந்துருச்சா அண்ணே?"

"வந்துருச்சு."

"எப்படி இருக்கு?"

"சொன்ன மாதிரியே நல்லாத்தான் இருக்கு."

தம்பி கண்ணை நன்றாகத் திறந்து அவரையே பார்த்தான்.

"என்னண்ணே, நல்லா இருக்குங்கிற? டாக்டர் ஏதாச்சும் சொன்னாரா?"

மூட்டைக்குள் கல்லைப் போட்டுக்கொண்டு வந்து தராசு முன்னால் முழிக்கிறவர்கள் எத்தனையோ பேரைப் பெரியவர் பிடித்திருக்கிறார். இன்று முழித்தவர் அவர்.

"நல்லா இருக்குன்னா? என்னத்த நல்லா இருக்கு?" என்று எரிந்து விழுந்தார். "இடப்பக்கக் கண்ணாடியில இந்த நீளத்துக்குக் கீறல். அதப் பத்தி ஒரு வார்த்தை எழுதல பாரு, திருட்டுப்பய. டிக்கில சாவி போட்டா இறுகுது. எவனையும் நம்பாதேன்னு அப்பவே சொன்னேன், கேட்டியா?"

தம்பியின் முகம் மெல்லத் தெளிந்தது. "கீறல்தானே?"

"கீறல்னா? ஏமாத்து ஏமாத்துதான்டா."

"பெயின்ட்டு?"

"அதுல ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

"இன்ஜின் சத்தமே கேக்கலியே?"

"பெட்ரோல வடிச்சுட்டுத்தான் லாரியில ஏத்துவான். வழியில தீப்பிடிச்சா உங்கப்பனா வந்து அணைப்பான்?"

"நம்மப்பன்," என்றான் தம்பி. சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. இருமல் அடங்கியதும், "உள்ள சீட்டெல்லாம்?" என்றான்.

"கெட்டியா இருக்கு. ரொம்ப நேரம் உக்காந்தா முதுகு வலிக்கும்."

"பழகிரும்ணே."

வெயில் தாழ்வதற்குள் மூச்சு நின்றுவிட்டது. பெரியவர் அதே நாற்காலியில்தான் இருந்தார். தம்பி மகளைக் கூப்பிட்டார். உரக்கக்கூட இல்லை.

மறுநாள் காலையில் வீடு நிறைய ஆட்கள். தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் செருப்பைக் கழற்றும்போதே வாசலைப் பார்த்து, "என்ன, இரும்புக் கடைய இங்க மாத்திட்டீங்களா?" என்றார்.

"கம்பெனி பெயின்ட்டு. கை வைக்காதீங்க," என்றார் பெரியவர்.

உள்ளே அப்பாவின் தலைமாட்டில் இருந்த மகள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள்.

தம்பியை ஏற்றிப்போக வேன் வந்தது. கார் வழியை அடைத்துக்கொண்டு நின்றதால் வேன் வாசலுக்கு வர முடியவில்லை. வேன் டிரைவர் இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு பின்னால் போய்த் தள்ள நின்றான்.

"யாராச்சும் ஏறி ஸ்டியரிங்கப் பிடிங்கப்பா!"

பெரியவர் போய் ஏறி உட்கார்ந்தார். பிடித்ததும் தெரிந்துவிட்டது. அது எதிலும் மாட்டாமல் சும்மா சுற்றியது.

"இடது பக்கம் நல்லா ஒடிங்க பெரியவரே!"

இரண்டு கையாலும் ஒடித்தார். கார் அசைந்தது, நேராகச் சுவரைப் பார்த்துப் போனது. ஒருவன் ஓடி வந்து முன்சக்கரத்தைக் காலால் உதைத்து உதைத்துத் திருப்பினான். பெரியவர் ஒடித்துக்கொண்டே இருந்தார். கார் முனகியபடி தெருவோரம் போய் நின்றது.

"போதும், இறங்குங்க!"

வேன் பின்பக்கமாக வாசலுக்கு வந்தது. ஆட்கள் உள்ளே போனார்கள். பெரியவர் ஸ்டியரிங்கை நேராக்கி வைத்துவிட்டு இறங்கினார்.