எப்.சி.க்கு ஒரு டயர், ரோட்டுக்கு ஒரு டயர்

கவரப்பேட்டை தாண்டி, சர்வீஸ் ரோட்டை ஒட்டி இருந்தது ஸ்டீபனின் டயர் கடை. அவன் நாஷ்டா முடித்துக் கை கழுவுவதற்குள் வரதனின் புது ஜீப் வந்து நின்றது. அதன் பின்னாலேயே ஒரு மினி வேனில் நான்கு டயர்கள். ஒவ்வொன்றும் தொடை உயரம், ட்ராக்டர் டயர்போலப் பல் பல்லாக வெட்டு. கம்பெனியில் போட்டுக்கொடுத்த டயரைக் கழற்றிவிட்டு, அதே வீலில் இவற்றை மாட்ட வேண்டும் என்றான் வரதன்.

வரதன் சிப்காட் கம்பெனிகளுக்கு ஆள் சப்ளை செய்யும் காண்ட்ராக்டர். ஒரு காலத்தில் அவனும் லாரியில் மூட்டை ஏற்றியவன்தான். இப்போது அவன் தலையாட்டினால் வேலை, முகம் திருப்பினால் வேலை இல்லை. அவனுடைய ஆட்களில் ஸ்டீபனின் மனைவி மேரியும் ஒருத்தி.

ஸ்டீபன் முன்பக்கம் ஒரு டயரை மாட்டி, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துப் பார்த்தான். டயர் உள்ளே போய் உரசியது. அதுவும் பிரேக் ஆயில் போகிற ரப்பர் ஓஸுக்குப் பக்கத்திலேயே.

"இந்த வீலுக்கு இது ஒத்துவராதுண்ணா. திருப்பினா ஓஸ்ல இடிக்குது பாரு. வேற வீலு போட்டு, வண்டியையும் தூக்கி வெக்கணும். அதுக்கு டைம் ஆவும்."

"இடிச்சா ஓஸ நவுத்திக் கட்டு. பிளாஸ்டிக்க வெட்டு. ஞாயித்துக்கெழம மச்சான் ஊட்டுக் கல்யாணம், மண்டபத்து வாசல்ல வண்டி போய் நின்னா எல்லாம் அண்ணாந்து பாக்கணும்" என்ற வரதன், வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தான். "இல்ல, கடைய மூடிக்கினு நீயும் கம்பெனிக்கு வந்துடறியா? அங்க ஒண்ணும் இடிக்காது."

பிறகு, ஏதோ நினைவு வந்தவன்போல, மேரி நன்றாக வேலை செய்வதாகவும் அவளை லைன் லீடர் ஆக்கலாம் என்று சூப்பர்வைசர் சொன்னதாகவும் சொன்னான். மிரட்டவில்லை, நல்ல வார்த்தைதான் சொன்னான். அது எதற்கு இப்போது வந்தது என்று ஸ்டீபனுக்குத் தெரியும்.

கத்தியை எடுத்து உள்பக்க பிளாஸ்டிக்கை வெட்டினான். ஓஸை இழுத்து ஒரு பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டினான். நான்கு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, மாலை போட்டு, போட்டோ எடுத்து வரதனை அனுப்பிவைத்தான். மத்தியானத்துக்குள் அந்த போட்டோவைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் விலை கேட்டு போன் செய்தார்கள்.

ஸ்டீபனை மட்டும் திட்டிப் பயனில்லை. அந்த ரோட்டில் தொழில் நடப்பதே அப்படித்தான். லாரிகள் எப்.சி.க்கு, அதாவது ஆர்.டி.ஓ. ஆபீசில் தகுதிச் சான்று வாங்கப் போகும் அன்றைக்கு மட்டும் போட்டுக்கொள்ள என்று ஒவ்வொரு டயர் கடையிலும் நல்ல டயர் செட் ஒன்று வாடகைக்கு இருக்கும். காலையில் மாட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள். சாயங்காலம் கழற்றிக் கொடுத்துவிட்டு, நூல் தெரியத் தேய்ந்த பழைய டயரிலேயே காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு லோடு ஏற்றிப் போவார்கள். பார்க்கிறவனுக்கு ஒரு டயர், ரோட்டில் போகிறவன் உயிருக்கு ஒரு டயர். அதைத் தப்பு என்று அங்கே யாரும் சொன்னதில்லை.

கல்யாணம் முடிந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலை, மெயின் ரோட்டிலிருந்து கம்பெனி ரோட்டுக்குத் திரும்பும் முனையில், ஷிப்ட் பஸ்ஸுக்காகப் பெண்கள் சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தார்கள். வேகமாக வந்து திரும்பிய வரதன் பிரேக்கை மிதித்தும் ஜீப் நிற்கவில்லை. மற்றவர்கள் சிதறி ஓடினார்கள். மேரியோடு ஒரே லைனில் வேலை செய்யும் குணசுந்தரி மட்டும் மின்கம்பத்துக்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாள்.

மேரிதான் போன் செய்தாள். தான் குணசுந்தரியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதாகவும், இழுப்பதற்குள் வண்டி இடித்துவிட்டதாகவும் சொன்னாள். வலது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. எந்த வண்டி என்று ஸ்டீபன் கேட்டான். மேரி சொன்னாள். அவன் போனை வைத்தான்.

பதினோரு மணிக்கு வரதனின் ஆள் வந்தான். ஜீப் போலீஸ் ஸ்டேஷன் பின்பக்கத்தில் நிற்கிறது, மத்தியானம் ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார், அதற்குள் பழைய டயரை மாட்டிவிட வேண்டும் என்றான். அன்று ஜீப்பிலிருந்து கழற்றிய நான்கும் கடையில்தான் கிடந்தன. ஸ்டேஷனில் பேசியாகிவிட்டதாம். எப்.சி.க்கு மாட்டுவது போலத்தானே, பத்தோடு பதினொன்று, என்றான் அந்த ஆள்.

ஸ்டீபன் ஜாக்கியை எடுத்துக்கொண்டு போனான். கேட்டில் நின்ற போலீஸ்காரர் டீ குடிக்கப் போய்விட்டார். முன் டயரைக் கழற்றியதும் தெரிந்தது. அவன் கட்டிய டேக் அறுந்து தொங்கியது. திரும்பத் திரும்ப உரசி, ஓஸ் ஓட்டையாகி, ஆயில் வழிந்து காய்ந்திருந்தது. அதைக் கட்டிய கையாலேயே புது ஓஸ் மாட்டி, ஆயில் ஊற்றி, வெட்டிய இடத்தில் வேறு பிளாஸ்டிக் வைத்து மூடி, பழைய டயரைப் போட்டு முடித்தான். இன்ஸ்பெக்டர் வந்தார். பெடலை மிதித்துப் பார்த்தார். வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வண்டியில் தப்பு இல்லை என்றால் யார் மேல் தப்பு? கால் போனவள் மேல்தான். குணசுந்தரி போன் பேசிக்கொண்டே ரோட்டில் இறங்கினாள் என்று மேரி சாட்சி சொல்ல வேண்டும் என்று வரதன் சொல்லி அனுப்பினான். அதை மேரியிடம் சொல்லும் வேலையும் ஸ்டீபனுக்கே வந்தது.

மேரி ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். புடவையில் காய்ந்த ரத்தத்தை வாளித் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதைக் கேட்டு முடித்த பிறகும் அலசுவதை நிறுத்தவில்லை.

"அவ போனே எடுத்தாறது இல்ல. கேட்ல புடுங்கி வெச்சிக்கிறானுங்கன்னு ஊட்லயே வெச்சிட்டு வருவா. அவ மேல எப்படிப் பழி போடறது?"

"நீ சொல்லலைன்னா உன் வேலை போயிடும். கடைய அந்தாளு நடத்த வுடமாட்டான். பெரிய பேஜாரா ஆயிடும் மேரி."

மேரி நிமிர்ந்தாள். "அந்த டயரு நீதான மாட்ன?"

"நான்தான்."

"தெரிஞ்சி மாட்னியா, தெரியாம மாட்னியா?"

"ஒத்துவராதுன்னு சொன்னேன். அந்தாளு கேக்கல. நான் இன்னா பண்ணுவேன்? உனக்கு வேல குடுக்கறவன்."

"வாயால வேணாம்னு சொன்ன, கையால மாட்டிக் குடுத்த. அப்பறம் சொன்னதுக்கு இன்னா மரியாத? அந்தாளுக்குக் கெத்து காட்டணும், உனக்கு என் வேல போயிடக் கூடாது. ரெண்டு பேரும் சேந்து அவ கால எடுத்துட்டீங்க. இப்ப என் கையாலயே அவ வாயையும் மூடச் சொல்ற."

ஸ்டீபன் அழத் தொடங்கினான். அவள் அவனைத் தேற்றவில்லை. புடவையைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, செருப்பைப் போட்டாள்.

"எங்க போற?"

"ஸ்டேசனுக்கு. இங்க எழுதலைன்னா திருவள்ளூர்ல பெரிய ஆபீசருங்களாண்ட போவேன். தப்புன்னு தெரிஞ்சதச் செய்யமாட்டேன்னு சொல்றதுக்கு ஆளுக்கு ஆளு பயந்துக்கினு கெடந்தா, எவனோ ஒருத்தன் கெத்துக்கு நம்ம காலுதான் போவும். இன்னிக்கி அவளுது. காலையில நான் அந்தப் பக்கம் நின்னிருந்தா என்னுது."

வாசல் வரை போனவள் நின்றாள்.

"டயரு மாட்னவன் பேரக் கேப்பாங்க. நான் மறைக்க மாட்டேன். என் வாயால உன் பேரு வர்றதுக்கு முன்னாடி, நீயே வந்து சொல்லிடு."