ரொட்டுண்டாவின் கூரை விளிம்பில்

கணவர் இறந்த பிறகும் ஓட்டிலி புகைப்பட ஸ்டூடியோவை மூடவில்லை. 1873 கோடையில் வியன்னா கண்காட்சிக்கு உலகமே வந்திருந்தது. வந்தவர்களெல்லாம் இரட்டைப் படம் கேட்டார்கள். ஒரே காட்சியைப் பக்கம் பக்கமாக இரண்டு லென்ஸ்கள் பிடிக்கும். பார்வைப்பெட்டியில் வைத்தால் கட்டடங்கள் நிஜம்போல் எழுந்து நிற்கும்.

கண்காட்சியின் நடுவிலிருந்த ரொட்டுண்டா என்ற வட்ட மண்டபத்தின் கூரையிலிருந்து கீழே பெருஞ்சாலையை எடுக்க நினைத்தாள். விளிம்பின் கைப்பிடிக் கம்பி படத்தின் குறுக்கே வந்தது. பலகையொன்றை வெளியே நீட்டிக் கட்டி, அதில் காமிராவைப் பொருத்தினாள். லென்ஸ் மூடிகளைக் கழற்றக் கம்பியைத் தாண்டிச் சாய வேண்டும். இடுப்பில் கயிறு, மறுமுனை கணவரின் தம்பி ஃப்ளோரியன் கையில்.

மருந்து பூசிய கண்ணாடித் தகட்டை இருட்டுக் கூடாரத்திலிருந்து கொண்டுவந்து செருகினாள். ஈரம் காய்வதற்குள் எடுத்தாக வேண்டும். சாய்ந்த நேரம் பார்த்து மேகம் வெயிலை மறைத்தது.

"இருங்க அண்ணி, போயிரும்," என்றான் ஃப்ளோரியன். பிறகு, "ஸ்டூடியோவை என் பேருக்கு எழுதிக் குடுத்துடுங்களேன். உங்களுக்கு எதுக்கு இந்தக் குரங்கு வித்தை?"

"இப்பவா இதைப் பேசுற?"

"கீழ இருந்தா நீங்க காதுலயே வாங்குறதில்லையே."

கயிறு ஒரு சாண் தளர்ந்தது. ஓட்டிலி பலகையைப் பற்றிக்கொண்டாள். கீழே கூட்டத்தின் தொப்பிகள் மிளகு சிதறியதுபோல் கிடந்தன.

"இறுக்கிப் பிடி, ஃப்ளோரியன்!"

"சரின்னு ஒரு வார்த்தை."

சொல்லிவிடலாம் என்றுதான் வாயெடுத்தாள். அதற்குள் வெயில் அடித்தது. தகடு காய்ந்துகொண்டிருந்தது.

"மாட்டேன்!"

மூடிகளைக் கழற்றி நொடிகளை எண்ணத் தொடங்கினாள். நடுவில் எண்ணிக்கை தப்பியது. குத்துமதிப்பாக முடித்து மூடும்போது காற்று ஒரு தள்ளு தள்ளியது. கால் வழுக்கிவிட்டது.

ஃப்ளோரியன் அலறினான். கயிறு அவன் உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடி, நின்றது. பல்லைக் கடித்து அவளை உள்ளே இழுத்துப் போட்டான்.

"சும்மா பயமுறுத்தத்தான் அண்ணி... சத்தியமா..."

ஓட்டிலி எழுந்தாள். காமிராவிலிருந்து தகட்டை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குள் ஓடினாள். கரைசலை ஊற்ற ஊற்ற, பெருஞ்சாலை இரண்டு முறை மெல்ல எழுந்தது. ஒரு மூலை மட்டும் காய்ந்து திட்டாகிவிட்டிருந்தது.

"வந்துச்சா?" வெளியிலிருந்து கேட்டான்.

"வந்திருக்கு. நீ கிளம்பு. நாளையிலிருந்து ஸ்டூடியோ பக்கம் வராதே."

"நான்தானே பிடிச்சேன்!"

"ஆமா. தளர்த்தினதும் நீதான்."

படிகளில் அவன் இறங்கும் சத்தம் கேட்டது. ஓட்டிலி தகட்டைப் பத்திரமாகச் சாய்த்து வைத்தாள். அதற்குப் பிறகுதான் இடுப்பில் கயிறு இன்னும் இருப்பதைக் கவனித்தாள். அங்கேயே உட்கார்ந்து முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.