ஏழாம் அத்தியாயத்து மனிதர்கள்

மேடை ஏறுவதற்கு முன், பெண்கள் கழிப்பறைக் கண்ணாடி முன்னால் நின்று மரிசோல் தன் வாழ்க்கையைப் பத்து நிமிடத்துக்குள் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே நுழைந்தபோது பட்டப்படிப்பை முடித்திருந்தாள். நான் கையைக் கழுவித் துடைத்துக்கொள்வதற்குள் எல்லையோரக் கிராமத்தில் செய்த களப்பணியும் முடிந்து, பென்சில்வேனியாவின் இந்த மலையடிவாரக் கல்லூரிக்கு வந்து சேர்ந்துவிட்டாள்.

"எட்டு நிமிஷத்துலயே முடிஞ்சிடுது வில்மா. மீதி ரெண்டு நிமிஷம் நான் என்ன பேசுறது?"

"வாரம் பூரா மூணு காலேஜுக்கு நடுவுல கார் ஓட்டுறியே, அதைச் சொல்லு."

"நல்லா இருக்கும். ஒரு புள்ளகூடச் சேராது." சிரித்தாள். ஆனால் கண்ணாடியில் தெரிந்த முகம் சிரிக்கவில்லை.

ஒவ்வொரு ஏப்ரலிலும் இது நடக்கும். இடம் கிடைத்த பிள்ளைகள் பெற்றோரோடு கல்லூரியைப் பார்க்க வருவார்கள். நாங்கள் மூன்று பேர் மேடையில் உட்கார்ந்து, என்ன ஆராய்ச்சி செய்கிறோம், எப்படி இங்கே வந்தோம் என்று கதை சொல்ல வேண்டும். அத்தனையும் புளுகு என்று சொல்லமாட்டேன், ஆனால் வெளுத்து இஸ்திரி போட்டது. நான் வரலாறு படித்ததற்குக் காரணம், வேதியியல் ஆய்வகத்தில் எனக்கு மயக்கம் வந்ததுதான். இந்த ஊருக்கு வந்ததற்குக் காரணம் அப்போதைய கணவருக்கு இங்கே வேலை மாற்றல் ஆனது. மேடையில் மட்டும், சின்ன வயதிலிருந்தே பழைய காலத்தின் குரல்கள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன என்பேன். பெற்றோர் தலையாட்டுவார்கள்.

இந்த வருடம் விளையாட்டில்லை. சமூகவியல் துறையை இழுத்து மூடுவது பற்றி நிர்வாகம் குளிர்காலம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தது. கடைசியில் டீன் கார்மடி ஒரு வழி சொன்னார். வெளியே மேஜையில் ஒரு தாள் இருக்கும். சமூகவியல் படிக்க விரும்பும் பிள்ளைகள் அதில் பெயர் எழுதலாம். அந்த ஒரே நாளில் போதுமான பெயர் சேர்ந்தால் துறை பிழைக்கும், மரிசோலின் வேலையும் நிரந்தரமாகும். சேராவிட்டால் கோடையோடு இரண்டும் போகும். துறையின் மூத்தவர் வெர்ன் ஷாஃபருக்கு அறுபத்து மூன்று வயது. அவருக்கு ஓய்வூதியம் இருக்கிறது. வருடத்துக்கு வருடம் ஒப்பந்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் மரிசோலுக்கு எதுவும் இல்லை. அவள் வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். புத்தகப் பெட்டிகளை இன்னும் பிரிக்கவில்லை, அதில் ஒன்றின் மேல்தான் விளக்கை வைத்திருக்கிறாள். இந்த உலகத்தில் எனக்கு ஆத்திரம் மூட்டும் விஷயங்களில் அந்தப் பெட்டியும் ஒன்று.

வெர்ன் மேடைக்குப் பக்கத்தில் நின்று சட்டைப்பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் எப்போதும் ஒரு பென்சிலும் நான்கைந்து வெற்று அட்டைகளும் இருக்கும். களப்பணிப் பழக்கம். கல்யாண வீட்டில், பல் மருத்துவர் வாசலில், ஏன், என் அம்மாவின் அடக்கத்தில்கூட அந்த அட்டையில் எதையோ கிறுக்கியதைப் பார்த்திருக்கிறேன்.

"கவலப்படாத பொண்ணே," என்றார் மரிசோலிடம். "என் புத்தகத்துல ஏழாவது அத்தியாயத்தை எடுத்து விடுறேன். அதுக்கப்புறம் பேனாவுக்கு அடிதடி நடக்கும் பாரு."

"அதைத்தானே இருபது வருஷமா எடுத்து விடுற," என்றேன்.

"உனக்கென்னம்மா. உன் ஆளுங்க எல்லாம் செத்துப் போனவங்க. என் ஆளுங்களுக்கு உசிர் இருக்கு, அதான் கூட்டம் கேக்குது."

சரியாகத்தான் சொன்னார். நான் எழுதும் சுரங்கத் தொழிலாளிகள் செத்து நூறு வருடத்துக்கு மேலாகிறது. அவர்களைப் பற்றி நான் என்ன சொன்னாலும் எழுந்து நின்று கேட்க ஆளில்லை.

நான் முதலில் பேசினேன். பழைய காலத்தின் குரல்கள் வழக்கம்போலக் கூப்பிட்டன. ஒரு அப்பா கொட்டாவி விட்டார். அடுத்து வெர்ன் எழுந்தார்.

அவர் பேச்சை மனப்பாடமாக ஒப்பிப்பேன், ஆனாலும் கேட்கப் பிடிக்கும். இளம் ஆய்வாளராக, ஆலை மூடிய ஒரு சின்ன ஊருக்குப் போய் ஒன்றரை வருடம் அங்கேயே குடியிருந்தார். புத்தகத்தில் அந்த ஊருக்கு மேப்பிள் கிராசிங் என்று பெயர். உண்மையான பெயர் வேறு. அவர்கள் தொழிலில் அப்படித்தான், பேசியவர்களைக் காப்பாற்ற ஊரையும் பேரையும் மாற்றிவிடுவார்கள். வெர்ன் ஒரு படி மேலே போய் ஆலையையே மாற்றினார். அது கண்ணாடி ஆலை, புத்தகத்தில் பீங்கான் ஆலை.

ஏழாவது அத்தியாயம் ஒரு கணவன் மனைவியைப் பற்றியது. ஹென்றி, மார்த்தா என்று பெயர் வைத்திருந்தார். ஆலை மூடியபின் ஹென்றிக்குப் பக்கத்து ஊரில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது, சீக்கிரமே அதுவும் போனது. அதை அவர் வீட்டில் சொல்லவில்லை. தினமும் காலையில் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்புவார், ஆற்றங்கரையில் காரை நிறுத்தி உட்கார்ந்திருப்பார், வேலை முடியும் நேரத்துக்குத் திரும்புவார். சேமிப்பிலிருந்து எடுத்துச் சம்பளம் என்று கொடுப்பார். "அவளுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டா" என்று வெர்னிடம் சொன்னார். மார்த்தாவோ சமையலறையில் வைத்து வெர்னிடம் சொன்னாள்: "எனக்கு ஆரம்பத்துலயே தெரியும். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவரு தாங்கமாட்டாரு. அதான் தினமும் டப்பா கட்டிக் குடுக்குறேன்."

இந்த இரண்டு பேச்சையும் வெர்ன் எதிரெதிர்ப் பக்கத்தில் அச்சிட்டிருந்தார். அந்த இரண்டு பக்கம்தான் அவருக்குப் பரிசு வாங்கிக் கொடுத்தது, வேலை வாங்கிக் கொடுத்தது, வீடும் வாங்கிக் கொடுத்தது.

அரங்கம் அடங்கிவிட்டது. கொட்டாவி விட்ட அப்பாகூட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மரிசோல் மேஜைக்கு அடியில் என் முழங்காலைத் தட்டினாள். பின்வரிசையில் டீன் கைகட்டி நின்றார்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். பதினெட்டு வயது இருக்கும், முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா, கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"சார், என் பேரு ஹேஸல். ஸ்கூல்ல எங்க டீச்சர் அந்த அத்தியாயத்தைப் படிக்கக் குடுத்தாங்க. அதைப் படிச்சதுனாலதான் இங்க வந்தேன். இதைத்தான் படிக்கணும்னு முடிவு பண்ணிட்டேன்."

வெர்னின் முகம் மலர்ந்ததே, அதைச் சொல்லி முடியாது. "பாத்தீங்களா!" என்றார் அரங்கத்தைப் பார்த்து.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவங்களுக்கு அப்புறம் என்ன ஆச்சு? அவளுக்குத் தெரியும்னு அவருக்கு எப்பவாவது தெரிஞ்சுதா?"

இதற்கும் வெர்னிடம் தயாராகப் பதில் உண்டு. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியாதும்மா. நாங்க ஊரை விட்டு வந்துட்டா, திரும்பத் தேடிப் போறதில்ல. அது அவங்களுக்கு நாங்க குடுக்குற பாதுகாப்பு. நன்றிக்காகப் புத்தகத்துல ரெண்டு பிரதி மட்டும் அந்த ஊர் நூலகத்துக்கு அனுப்பி வெச்சேன். அதோட சரி."

"தெரிஞ்சுது," என்றார் அந்தப் பெண்ணின் அம்மா.

சத்தமாகச் சொல்லவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. மகள் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா?"

"அந்த ரெண்டு புத்தகம் வந்த வாரத்துலயே தெரிஞ்சுது. பீங்கான்னு போட்டா எங்க ஊர்க்காரங்களுக்கு யாருன்னு தெரியாதா? ஆத்தங்கரையில தினமும் நிக்கிற நீல காரு எங்க அப்பாவோடதுன்னு ஊருக்கே தெரியும். நூலகத்துல இருந்த பொம்பள நல்ல மனசோடதான் கொண்டுவந்து குடுத்தா, உங்களைப் பத்தி எவ்வளவு அழகா எழுதியிருக்காங்க பாருங்கன்னு." அவர் மடியில் இருந்த கைப்பையின் வாரைச் சரிசெய்தார். "அப்பா சமையக்கட்டுல நின்னுட்டே படிச்சாரு. ரெண்டு பக்கமும். அன்னையிலேர்ந்து எங்க அம்மா கையால ஒரு வாய் சாப்பிடல."

பின்னால் ஒரு குழந்தை சிணுங்கியது.

"விட்டுட்டுப் போகல. அதே வீடு, அதே மேஜை. தானே ரொட்டியை வெட்டி, தானே கறியை வெச்சு, தனியாத் தின்னுட்டுப் போவாரு. அம்மா தினமும் ஒரு தட்டு வெப்பாங்க, திரும்ப எடுப்பாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி அப்பா போயிட்டாரு. ஆஸ்பத்திரியிலகூட நர்ஸ் ஊட்டினாதான் வாயைத் திறப்பாரு."

ஹேஸலின் கை இன்னும் பாதி தூக்கியபடியே இருந்தது. "தாத்தாவா?" என்றாள். "தாத்தா ஸான்ட்விச் செய்யும்போது யாரையும் கிட்ட விடமாட்டாரு. நாம அதை வேடிக்கைன்னு சொல்லிச் சிரிப்போமே." பிறகு மெதுவாக, "எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுப்பாரு. பாட்டிக்கு மட்டும் குடுக்கமாட்டாரு" என்றாள்.

வெர்ன் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொள்ள முயன்றார், ஒரு காது சிக்கவில்லை. நாற்பது வருடம் பேசிப் பிழைத்த மனிதர். "நான் பேரை மாத்தினேன்," என்றார். "ஆய்வு நெறிமுறைக் குழு ஒப்புதல் எல்லாம் வாங்கித்தான்… பேரை மாத்தினேன்."

"வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாமதான் மாத்தினீங்க," என்றார் அந்த அம்மாள். "அவங்களுக்குத் தெரிஞ்சா எங்களுக்கு என்ன? நாங்க மறைச்சது ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தர்தான்." அப்போதுதான் எழுந்தார். "இவ இந்தக் காலேஜ்னு சொன்னப்போ வேணாம்னு சொல்ல எனக்குக் காரணம் சொல்லத் தெரியல. உங்க மூஞ்சியையாவது பாத்துட்டு வரலாம்னு வந்தேன். பாத்துட்டேன்."

அவர் வெளியே போனார். டீன் கார்மடி விறுவிறுவென்று முன்னால் வந்து, மதியச் சாப்பாடு தயாராக இருக்கிறது, எல்லோரும் கூடத்துக்கு வரலாம் என்றார். மரிசோலுக்கு வாய்ப்பே வரவில்லை. பழகி வைத்த எட்டு நிமிடமும் அப்படியே இருந்தது.

கூடத்தில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஸான்ட்விச், ஆப்பிள், உருளைக்கிழங்கு வறுவல். ஒவ்வொருவரும் ஒன்றை எடுத்துக்கொண்டு எங்கள் மேஜையைப் பார்க்காமல் தாண்டிப் போனார்கள். தாளில் மூன்று பெயர் இருந்தது, காலையிலேயே எழுதியது. மரிசோல் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருந்தாள். நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்து, அதுவும் புளுகாக வரும் என்று தோன்றியதால் விட்டுவிட்டேன்.

ஹேஸல் வந்தாள். அழுதிருக்கவில்லை. முகம் மட்டும் காய்ந்துபோனது போல இருந்தது.

"பேனா குடுங்க."

தூணருகே நின்ற டீன் திரும்பிப் பார்த்தார். மரிசோலின் கை தாளின் மேல் இருந்தது. அந்தக் கையை எடுத்தால் போதும். ஒரு பெயர் எழுதப்படுவதைப் பார்த்தால் தயங்குகிற இன்னும் இரண்டு பிள்ளைகள் வருவார்கள், கூட்டத்தின் குணம் அது. எடு, எடு என்று எனக்குள் ஒரு கேவலமான குரல் சொன்னது. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

"உங்க அம்மா எங்க?" என்றாள் மரிசோல்.

"கார்ல."

"சாப்பிட்டாங்களா?"

ஹேஸல் தலையாட்டினாள், இல்லை என்று.

"உனக்கு முடிவு பண்ண மே மாசம் வரைக்கும் டைம் இருக்கு," என்றாள் மரிசோல். அவளுக்கு அவ்வளவு நேரம் இல்லை, அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தூணருகே நின்றவருக்கும் தெரியும். இரண்டு சாப்பாட்டுப் பெட்டிகளை எடுத்து ஒன்றன் மேல் ஒன்றாக அந்தப் பெண்ணின் கையில் வைத்தாள். "மொதல்ல போயி அவங்க பக்கத்துல உக்காரு."

ஹேஸல் போனாள். டீன் வந்து தாளை எடுத்துப் பார்த்தார், நான்காக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். "நன்றி மரிசோல்," என்றார், மிக மரியாதையாக. அந்த மரியாதையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. மரிசோல் மேஜை விரிப்பை மடிக்க ஆரம்பித்தாள், விளிம்போடு விளிம்பு சேர்த்து. நான் மறுமுனையைப் பிடித்தேன்.

"இந்தத் தடவ பெட்டியைப் பிரிக்காம விட்டது நல்லதாப் போச்சு," என்றாள்.

விரிப்பை அவளிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போனேன்.

வெர்ன் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். கீழே வாகன நிறுத்தத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் காலி. கோடியில் ஒரு சாம்பல் நிற கார். ஹேஸல் பெட்டிகளை மார்போடு அணைத்துக்கொண்டு அதை நோக்கி நடந்தாள். கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். கதவு மூடியது. காரைக் கிளப்பவில்லை. கண்ணாடியில் மழை வழிந்ததால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. மகள் நீட்டியதை அம்மா வாங்கினாரா, பெட்டியைத் திறந்தார்களா, ஒன்றும் தெரியவில்லை. மெல்ல மெல்ல உள்பக்கம் மூச்சு படிந்து வெளுத்தது.

வெர்ன் அழுதுகொண்டிருந்தார். சத்தமில்லாமல், துடைக்காமல். அவர் தோளில் கை வைக்கலாமா என்று நினைத்தேன்.

அப்போது அவர் வலது கை தானாக எழுந்து சட்டைப்பைக்குப் போனது. பென்சிலை எடுத்தது. பிறகு ஒரு அட்டையை.