க்ளோதீன் என்றால் வெளிச்சம்

தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்ததும் பெயர் வைக்கும் பொறுப்பு அக்காவின் தலையில் விழுந்தது. அக்கா மாலை வகுப்பில் பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பவள்.

"பிரெஞ்சுப் பேரா இருக்கணும்க்கா. வெளிச்சம்னு அர்த்தம் வரணும்," என்றாள் தங்கை.

"லூசின்னு ஒண்ணு இருக்கு."

"அய்யோ, ஸ்கூல்ல லூசு லூசுன்னே கூப்பிட்டுக் கொன்னுடுவாங்க. வேற சொல்லு."

வேறு பெயர் அக்காவுக்குத் தெரியும். க்ளேர். சில வருடங்களுக்கு முன் வயிற்றிலேயே கலைந்துபோன தன் குழந்தைக்கு எடுத்துவைத்திருந்த பெயர். கணவனைத் தவிர யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. அதைக் கொடுக்க மனசு வரவில்லை. தங்கையோ ஆசையாக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள்: "க்ளோதீன். வெளிச்சம்னு அர்த்தம்."

உண்மையில் அந்தப் பெயரின் வேர்ச்சொல்லுக்கு நொண்டி என்று அர்த்தம். மறுநாளே மாற்றிச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அதற்குள் தங்கை தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு முடித்திருந்தாள். குழந்தையைப் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "பெரியம்மா வச்ச பேரு, வெளிச்சம்னு அர்த்தம்" என்று பெருமையடிப்பாள். அந்த நேரங்களில் அக்கா ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்து போய்விடுவாள்.

குழந்தை நடக்க ஆரம்பித்தபோது தங்கை போன் செய்தாள். "இடது காலைக் கொஞ்சம் இழுக்கிறாக்கா. டாக்டர்கிட்ட காட்டணும், கூட வர்றியா?"

பெயருக்கும் காலுக்கும் சம்பந்தமில்லை என்று அக்காவுக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் அன்று சோறு இறங்கவில்லை. கிளினிக்கில் காத்திருந்தபோது எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்: பொய்யை, உண்மையான அர்த்தத்தை, க்ளேரை.

தங்கை குழந்தையின் ஷூ வாரை அவிழ்த்து, மறுபடி மாட்டினாள். "டாக்டர் கூப்பிடுறாரு" என்று மட்டும் சொன்னாள்.

காலில் ஒரு குறையும் இல்லை. இடுப்பையும் முட்டியையும் மடக்கி நீட்டிப் பார்த்த டாக்டர், ஷூ ஒரு சைஸ் பெரிசு என்று சொல்லிச் சிரித்தார்.

பஸ்ஸில் பாதி வழியில் தங்கை அவள் பக்கம் திரும்பினாள். "அந்தப் பேரைத் தர மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேனா? நீ அழுதப்பல்லாம் பக்கத்துல இருந்தவ நான்."

"தப்புதான்டி."

"பேரை மாத்தப் போறதில்ல. கூப்பிட்டா திரும்பிப் பாக்குறா. ஆனா இனிமே எவளாவது அர்த்தம் கேட்டா நீயே பதில் சொல்லிக்கோ."

அன்று வீடு வந்ததும் தங்கை அக்காவை உள்ளே கூப்பிடவில்லை. ரொம்ப நாள் போனும் இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, "உன்னைத் தேடுறா, வந்துட்டுப் போ" என்றாள்.

கதவைத் திறந்ததும் குழந்தை தத்தித் தத்தி வந்து பெரியம்மாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டது. அக்கா வாரித் தூக்கிக்கொண்டாள். பெயரைச் சொல்ல மட்டும் நாக்கு எழவில்லை. "கண்ணு" என்றாள்.

தங்கைக்கு அது புரிந்தது. துணி மடிக்க உட்கார்ந்தாள்.